தீபாவளிக்கு இன்வேர்ட்டர் தூக்கி வரும் பிள்ளைகளுக்கு

கொழும்பிலும் அதைச் சுற்றியும் கடைகளிலும் ஹோட்டல்களிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை பார்க்கும் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளே,

தீபாவளிக்கு முதல் நாள் விடியப்புறம் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் நின்றால், ஊருக்கு என்னென்ன வருகிறது என்று தெரிந்துவிடும். என் இளவயதில் சீத்தைத் துணியும் ரேடியோவும் இறங்கின. பிறகு டிவிடி பெட்டி, ரைஸ் குக்கர், டச் போன். 2022க்குப் பிறகு பஸ்ஸின் வயிற்றிலிருந்து இன்வேர்ட்டர் இறங்குகிறது. அந்த வருடம் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்டை வெட்டினார்கள். டொலர் இல்லை, டீசல் இல்லை, நீர்த்தேக்கங்களிலும் போதிய தண்ணீர் இல்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலை சரிந்து, பாதை அறுந்து, கம்பிகளும் அறுந்து விழுந்தன. அந்த இரண்டையும் பார்த்த பிள்ளை, அம்மா இருட்டில் இருக்கக் கூடாது என்று நினைப்பது நியாயம்தான். நினைத்த மனதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. வாங்கிய பெட்டியைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

நான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலை ஸ்டோரில் 31 வருடம் எலெக்ட்ரீஷியனாக இருந்தவன். ரிட்டையர்ட் ஆன பிறகும் லயத்தில் எந்தக் காம்பராவில் பல்ப் எரியாவிட்டாலும் கூப்பிடுவது என்னைத்தான். நீங்கள் பெட்டியைக் கொடுத்துவிட்டு மூன்றாம் நாள் பஸ் ஏறிவிடுகிறீர்கள். அது சூடாகி, கத்தி, கருகும் நேரத்தில் பக்கத்தில் இருப்பது உங்கள் அம்மாவும் நானும். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

டித்வா அடித்த வாரம் எங்கள் லயத்துக்கு ஐந்து நாள் கரண்ட் இல்லை. மூன்றாம் இரவு, தொங்கல் காம்பராவில் இருக்கும் நான்கு வயதுப் பிள்ளைக்கு இழுப்பு வந்தது. குளிர் நாட்களில் அந்தப் பிள்ளைக்கு அடிக்கடி வருவதுதான். அதற்கென்று வீட்டில் நெபுலைசர் வாங்கி வைத்திருக்கிறார்கள். மாமன் கொழும்பிலிருந்து கொண்டுவந்த ‘1000 வாட்’ இன்வேர்ட்டரும் இருந்தது. பெட்டரி நல்ல பெட்டரி. நெபுலைசரை மாட்டினார்கள். வழக்கத்தை விடப் பெரிதாக இரைந்தது. மருந்துப் புகை மெல்லியதாக வந்தது. ஐந்தாறு நிமிடத்தில் தொட முடியாத சூடு, பிறகு தானாகவே நின்றுவிட்டது. என்னைக் கூப்பிட்டார்கள்.

மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். 180 வோல்ட். இன்வேர்ட்டரின் முகத்தில் 230 என்று எழுத்து மின்னிக்கொண்டிருந்தது. “பெட்டரி இறங்கிட்டுது, வோல்டேஜ் பத்தல” என்று தீர்ப்புச் சொன்னவன் நான்தான். வேறு வீட்டுப் பெட்டரியைக் கொண்டுவந்து மாட்டினோம். அதே 180. அரை மணித்தியாலம் அப்படியே போனது. கடைசியில் பிள்ளையைக் கம்பளியில் சுற்றி, மழையில் டோர்ச் பிடித்துக்கொண்டு டிஸ்பென்சரிக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே ஜெனரேட்டர் ஓடியது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த அரை மணித்தியாலம் என் கணக்கில் எழுதப்பட்டது. மீட்டரும் பொய் சொல்லவில்லை, இன்வேர்ட்டரின் எழுத்தும் பொய் சொல்லவில்லை என்பது பிறகு உட்கார்ந்து யோசித்தபோதுதான் விளங்கியது. அதை உங்களுக்கு விளக்கிச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில், நம் வீட்டுக்கு வரும் கரண்டின் வடிவம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கெஹெல்கமு ஓயாவையும் மஸ்கெலியா ஓயாவையும் மறித்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இல் எழுதிவைத்தார். லக்ஷபான நிலையம் 1950இல் ஓடத் தொடங்கியது. பிறகு மவுஸாகலை அணை கட்டியதில் பழைய மஸ்கெலியா டவுனே தண்ணீருக்குள் போனது. தண்ணீர் வற்றும் காலத்தில் பழைய கோயில் இன்னும் தலை காட்டும். அந்தத் தண்ணீரிலிருந்து எடுத்த மின்சாரம் எங்கள் தேயிலை மலைகளுக்கு மேலால் கோபுரம் கோபுரமாகத் தாண்டிக் கொழும்புக்குப் போன காலத்தில், கீழே லயங்களில் குப்பி லாம்புதான் எரிந்தது. அந்தக் கதை உங்கள் அப்பாக்களுக்குத் தெரியும்.

எனக்கு இப்போது வேண்டியது அந்த மின்நிலையத்துச் சக்கரம். தண்ணீர் சக்கரத்தைச் சுழற்றுகிறது; சக்கரம் காந்தத்தைச் சுழற்றுகிறது. சுற்றுகிற ஒன்றிலிருந்து பிறக்கும் மின்சாரம் மெல்ல ஏறும், உச்சியில் வளையும், மெல்ல இறங்கும், மறுபக்கம் போய்த் திரும்பும். செக்கனுக்கு 50 தடவை. இதைத்தான் சைன் அலை என்கிறோம். 230 வோல்ட் என்று நாம் சொன்னாலும் அலையின் உச்சி சுமார் 325 வோல்ட். 230 என்பது அதன் பயனுள்ள அளவு. மோட்டார், ட்ரான்ஸ்ஃபோமர் எல்லாம் இந்த வளைவை நம்பிச் செய்யப்பட்டவை.

பெட்டரிக்குள் சக்கரம் இல்லை. அது 12 வோல்டை ஒரே நேர்கோடாகக் கொடுக்கும். அதை அலையாக்குவது இன்வேர்ட்டரின் வேலை. மலிவான பெட்டி என்ன செய்கிறது? 325 வோல்டுக்கு ஒரே தாவலில் ஏறி 5 மில்லிசெக்கன் நிற்கிறது. சட்டென்று பூச்சியத்துக்கு விழுந்து 5 மில்லிசெக்கன் கிடக்கிறது. மறுபக்கம் தாவி 5, மறுபடி பூச்சியத்தில் 5. மொத்தம் 20 மில்லிசெக்கன். செக்கனுக்கு 50 தடவை என்ற கணக்கு சரி. பயனுள்ள அளவைக் கணக்குப் போட்டாலும் சரியாக 230 வரும். வளையவேண்டிய அலை படிக்கட்டாகிவிட்டது, அவ்வளவுதான். இதற்குக் கடைக்காரர் வைத்திருக்கும் பெயர் ‘மொடிஃபைட் சைன் வேவ்’. சைன் என்ற சொல் அந்தப் பெயரில் மட்டும்தான் இருக்கிறது.

கொழுந்து எடுக்கும் அம்மாவுக்கு இதை ஒரு நிமிடத்தில் விளக்கலாம். தராசில் சாக்கு 20 கிலோ காட்டுகிறது. நிறை சரி. சாக்கை அவிழ்த்தால் இரண்டு இலையும் மொட்டும் பாதி, முற்றிய இலையும் தண்டும் மீதி. நிறையைப் பார்த்து நாள் சம்பளத்துக்குப் பேர் போடலாம். ஸ்டோருக்குப் போனால் தேயிலை காட்டிக்கொடுத்துவிடும். வோல்ட் என்பது நிறை. அலையின் வடிவம்தான் கொழுந்தின் தரம்.

கணக்காகச் சொன்னால்: அந்தப் படிக்கட்டு அலையின் 230 வோல்டுக்குள், மோட்டாருக்குப் பயன்படும் 50 ஹேர்ட்ஸ் பங்கு சுமார் 207 வோல்ட். அதோடு 150, 250, 350 ஹேர்ட்ஸ் என்று ஒற்றைப்படை மடங்குகளில் கலந்திருக்கும் தண்டும் நாரும் சேர்ந்து சுமார் 100 வோல்ட். (இரண்டையும் நேராகக் கூட்டக் கூடாது, வர்க்கம் எடுத்துக் கூட்டி மூலம் எடுத்தால் 230 வரும்.) 207க்கு 100 கலப்பு என்றால் 48 வீதம். இதைத்தான் டீஎச்டீ என்று பெட்டியில் எழுதுவார்கள், எழுதினால். நல்ல சைன் இன்வேர்ட்டரில் அது 3 முதல் 5 வீதத்துக்குள் இருக்கும். அந்தக் கலப்பு மோட்டாரைச் சுழற்ற உதவாது. இரும்பையும் செம்பையும் சூடாக்கும், இரைச்சல் எழுப்பும். தொங்கல் காம்பராவின் நெபுலைசர் இரைந்ததும் கொதித்ததும் அதனால்தான்.

என் மீட்டர் விஷயமும் இதுதான். சாதாரண மல்டிமீட்டர் அலையின் சராசரியை அளந்து, ‘இது சைன் அலையாகத்தான் இருக்கும்’ என்ற நம்பிக்கையில் 1.11ஆல் பெருக்கிக் காட்டுகிறது. லக்ஷபானக் கரண்டுக்கு அந்த நம்பிக்கை பலிக்கும். படிக்கட்டு அலையில் சராசரி 162 வோல்ட்தான், பெருக்கினால் 180. இன்வேர்ட்டர் தன் முகத்தில் பயனுள்ள அளவைக் காட்டியது, அது 230. பயனுள்ள அளவையே நேராக அளக்கும் ‘ட்ரூ ஆர்எம்எஸ்’ மீட்டர் இருந்திருந்தால் எனக்கும் 230 காட்டியிருக்கும். 180ஐ நம்பி உள்ளே இருக்கும் திருகைத் திருப்பி வோல்டை ஏற்றிவிடும் வயரிங் தம்பிமாரும் இருக்கிறார்கள். அப்படி ஏற்றினால் மீட்டர் 230 காட்டும் நேரத்தில் உண்மையான அளவு எங்கேயோ போயிருக்கும். டிவியும் சார்ஜரும் ஒன்றாகப் போகும்.

இனி, எது எதற்கு இந்தப் படிக்கட்டு ஆகாது என்று பார்ப்போம். எல்லாவற்றுக்கும் ஆகாது என்று பயமுறுத்த மாட்டேன். போன் சார்ஜர், ரவுட்டர், இப்போதைய எல்ஈடி டிவி ஆகியவை வந்த கரண்டை முதலில் நேர்மின்சாரமாக மாற்றிக்கொள்பவை, பெரும்பாலும் சமாளிக்கும். அயன்பொக்ஸ், ரைஸ் குக்கர், கெட்டில் போன்றவை வெறும் சூட்டுக் கம்பி. அவற்றுக்கு அலை எப்படி இருந்தாலும் ஒன்றுதான். ஆனால் அவை பெட்டரியைக் குடிக்கும் விதம் வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

அடிபடுவது மோட்டார் உள்ளவை: நெபுலைசர், ஃப்ரிட்ஜ், தண்ணீர் மோட்டார். கால்மிதியில் வேகம் மாற்றும் தையல் மெஷினும் தாறுமாறாக ஓடலாம். அடுத்தது, நம் ஆட்கள் நினைத்தே பார்க்காத ஒன்று: சார்ஜ் ஏற்றும் டோர்ச். மலிவான டோர்ச்சுக்குள் ட்ரான்ஸ்ஃபோமர் கிடையாது. ஒரு கெப்பாசிட்டரை வைத்தே 230ஐக் குறைக்கிறார்கள். கெப்பாசிட்டர், வோல்ட் எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு கரண்டை இழுக்கும். மெல்ல வளையும் அலையில் அளவோடு இழுக்கும். சுவர்போல ஏறும் படியில் ஒவ்வொரு தடவையும் உதை விழும். மலிவு எல்ஈடி பல்ப் சிலவற்றிலும் இதே ஏற்பாடுதான். மின்வெட்டு நாட்களில் கருகிய டோர்ச்சை ஒவ்வொன்றாக என்னிடம் கொண்டுவந்தார்கள். டோர்ச் கம்பனியைத் திட்டினோம். இருட்டுக்கென்று வாங்கிய டோர்ச்சை, இருட்டுக்கென்று வாங்கிய இன்வேர்ட்டரே சாப்பிட்டிருக்கிறது.

‘ப்யூர் சைன் வேவ்’ என்ற பெட்டியில் மட்டும் சக்கரம் இருக்கிறதா என்றால், அதிலும் இல்லை. அது சுவிட்ச்சைச் செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை போட்டு அணைக்கிறது. 20,000 தடவை என்று வைத்தால், ஒரு சுற்றுக்குள் 400 துண்டு. ஒவ்வொரு துண்டின் அகலத்தையும் கூட்டிக் குறைத்து, கடைசியில் சுருளும் கெப்பாசிட்டரும் வைத்து வடிகட்டினால் வளைவு வந்துவிடும். வடிகட்டும் பாகத்துக்குச் செலவு உண்டு. விலை வித்தியாசத்தில் பெரும்பங்கு இங்கேதான் போகிறது.

விலை என்றதும் நீங்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. உங்கள் சம்பளமும் எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் காசைக் கொட்டும் இடம் வேறு: வாட். ஐந்நூறை விட ஆயிரம் பெரிது, ஆயிரத்தை விட இரண்டாயிரம் பெரிது என்று எடுக்கிறீர்கள். 12 வோல்ட், 100 அம்பியர்மணி பெட்டரி ஒன்றில் இருப்பது 1,200 வாட்மணி. ஈய பெட்டரியை அடிக்கடி பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போய்விடும். பாதி 600, இன்வேர்ட்டரின் சேதாரம் போக கைக்கு 500 என்று வையுங்கள். மூன்று பல்ப், ரவுட்டர், டிவி எல்லாம் சேர்ந்து 90 வாட்டுக்குள் நிற்கும். ஐந்து மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும். நெபுலைசர் பெரும்பாலும் 150 வாட் அளவு. 10 நிமிடம் ஓடினால் 25 வாட்மணி. இதே பெட்டரியில் 1,500 வாட் கெட்டிலைப் போட்டால்? 130 அம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த வேகத்தில் பெட்டரி தன் முழுக் கொள்ளளவைத் தரவே தராது. வயர் சூடாகும். இரண்டு தடவை கெட்டிலை நிரப்பிக் கொதிக்கவைத்தால் இரவு முழுவதற்குமான வெளிச்சம் போய்விடும்.

ஆக, நம் வீட்டுக்கு 1,000 வாட் தேவையே இல்லை. பெரிய பெட்டி சும்மா இருந்தாலும் தன் செலவுக்கு 10, 15 வாட் தின்னும். ஒரு இரவில் அது 100 வாட்மணியைத் தாண்டும். 1,000 வாட் படிக்கட்டுக்குக் கொடுக்கும் காசுக்குப் பக்கத்தில் 300 வாட் சுத்த சைன் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். ஃப்ரிட்ஜ் இருக்கும் வீடு மட்டும் வேறு கணக்கு. கம்ப்ரெசர் புறப்படும்போது ஓடும் வாட்டைப் போல் பல மடங்கு கேட்கும்.

கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் கடைக்காரர் முன் நிற்கும்போது, அலையை வரைந்து காட்டும் ஒஸிலஸ்கோப் கேட்க முடியாது. மூன்று வேலை செய்யுங்கள். ஒன்று, பெட்டியை வாசியுங்கள். மொடிஃபைட், சிமுலேட்டட், ஸ்டெப்ட், குவாசி: இந்த நான்கில் எது இருந்தாலும் அது படிக்கட்டு. வெறும் ‘ஏசி 230 வோல்ட்’ என்று மட்டும் இருந்தாலும் படிக்கட்டு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸிலும் மலிவானவை பல இந்த வகைதான். இரண்டு, பக்கத்துக் கடையில் ஒரு மேசை ஃபேன் கேளுங்கள். நுவரெலியாவில் ஃபேனுக்கு என்ன வேலை என்று சிரிக்க வேண்டாம். வீட்டில் வேலை இல்லை, கடையில் இருக்கிறது. சுவர் ப்ளக்கில் ஓடவிட்டுக் காது கொடுங்கள், பிறகு இன்வேர்ட்டரில். இரண்டாவதில் வண்டு ரீங்காரம் கேட்டால் பெட்டியை வைத்துவிட்டு வாருங்கள். மூன்று, என்னை அரை மணித்தியாலம் ஏமாற்றிய அதே சாதாரண மீட்டர். பெட்டி 230 காட்டும்போது மீட்டர் 180, 190 காட்டினால், அலை சைன் இல்லை. வோல்ட் அளக்க உதவாத மீட்டர் வடிவத்தைக் காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்று. வெளிச்சமும் போன் சார்ஜும் மட்டும் போதும் என்ற வீட்டுக்கு இன்வேர்ட்டரே வேண்டாம். லயத்துக்குக் கரண்ட் வராத காலத்தில், கார் பெட்டரியைத் தோளில் தூக்கிப் பஸாருக்குப் போய்ச் சார்ஜ் போட்டு வந்து, கறுப்பு வெள்ளை டிவியை அதில் நேராக மாட்டி, ஒரு லயமே இஸ்தோப்பில் உட்கார்ந்து படம் பார்த்தது. அதில் இன்வேர்ட்டரும் இல்லை, அலையும் இல்லை. 12 வோல்ட் எல்ஈடி, யூஎஸ்பி சார்ஜர், ரவுட்டருக்கான சின்ன டீசி யூபிஎஸ் எல்லாம் அதே வழிதான். 12ஐ 230 ஆக்கி, சார்ஜர் மறுபடி அதை 5 ஆக்கும் வீண் சுற்று மிச்சம்.

பெட்டரிக்கும் இரண்டு வார்த்தை. கொழும்பின் வெக்கைக்கும் நுவரெலியாவின் குளிருக்கும் பத்துப் பன்னிரண்டு பாகை வித்தியாசம். குளிரில் ஈய பெட்டரி குறைவாகத்தான் தரும். நிறைவதற்கும் கால் வோல்ட் அளவுக்குக் கூடுதல் வோல்ட் கேட்கும். வெப்பநிலை பார்த்துச் சார்ஜ் செய்யும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் பெட்டரி அரைவயிற்றோடு கிடந்தே சாகும். குளிருக்குப் பயந்து கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு, பெட்டரியைக் கட்டிலுக்குக் கீழே வைக்காதீர்கள். தண்ணீர் ஊற்றும் பெட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். விளக்கும் அடுப்பும் பக்கத்தில் கூடாது.

கடைசியாக ஒன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். இரண்டு பக்கமும் முள் உள்ள வயர் செய்து, இன்வேர்ட்டரைச் சுவர் ப்ளக்குக்குள் மாட்டி, வீடு முழுவதையும் எரிய வைக்கும் வித்தையைச் செய்யாதீர்கள். கழன்றால் கையில் இருப்பது 230 வோல்ட் முள். மெயின் சுவிட்ச்சை அணைக்க மறந்தால், உங்கள் 230 வெளிக் கம்பியில் ஏறிப் பின்னால் போகும். ட்ரான்ஸ்ஃபோமர் அதை ஆயிரக்கணக்கான வோல்டாக ஆக்கும். மழையில் விழுந்த மரத்தை வெட்டி, அறுந்த கம்பியைக் கட்டிக்கொண்டிருக்கும் மின்சார சபைக்காரன் கரண்ட் இல்லை என்று நினைத்துத்தான் கம்பியில் கை வைக்கிறான். அவனும் யாரோ ஒரு அம்மாவின் பிள்ளை. மாற்றுச் சுவிட்ச் வைத்து முறையாக இணைக்க, படித்த எலெக்ட்ரீஷியன் ஒருவனைக் கூப்பிடுங்கள்.

இவ்வளவையும் நினைவில் வைக்க முடியாவிட்டால், காசு கொடுப்பதற்கு முன் வீட்டுக்கு ஒரு கோல் எடுங்கள். “கரண்ட் போனா எதையெல்லாம் மாட்டுவீங்கம்மா?” என்று கேளுங்கள். பல்ப், போன் என்றால் ஒரு பெட்டி. தையல் மெஷின், நெபுலைசர் என்றால் வேறு பெட்டி. தொங்கல் காம்பராவின் மாமன் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், இழுப்பு மெஷின் என்ற பதில் முதலிலேயே வந்திருக்கும். இப்போது அந்த வீட்டில் 300 வாட் சுத்த சைன் இருக்கிறது. போன மாதக் காற்றில் கரண்ட் போன இரவு நெபுலைசர் ஓடியது. சுவரில் மாட்டி ஓட்டும் அதே சத்தம்தான். காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

தீபாவளிக்கு வந்ததும் என்னைக் கூப்பிடுங்கள். மாட்டித் தருகிறேன், காசு வேண்டாம். மீட்டர் இரண்டையும் எடுத்துவருகிறேன். இப்போது என்னிடம் ட்ரூ ஆர்எம்எஸ் ஒன்றும் இருக்கிறது. தேத்தண்ணிக்கு மட்டும் விறகடுப்பில் தண்ணீர் வையுங்கள். கெட்டிலைத் தொட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் தோட்டத்துப் பழைய எலெக்ட்ரீஷியன்